நான் வாங்கிய கமரா

கமரா ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் இப்போது முதலில் வருகிற கேள்வி, "ஏன், போன் இல்லையா?" என்பதுதான். அடுத்தது விலை. மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. என் நரைத்த தாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இந்த மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது என்பது எனக்கே புதிய அனுபவம். மோட்டார் சைக்கிள் வாங்கியபோதும், குளிர்சாதனப் பெட்டி வாங்கியபோதும், மகளின் வீட்டுக்கு ஓடு எடுத்தபோதும் சாமான் வந்து சேர்ந்து ஒரு கிழமைக்காவது எனக்குத் தூக்கம் சரிவராது. இன்னொரு கடையில் விசாரித்திருக்கலாமோ, கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவனின் நிலைமை இது. இந்தக் கமரா விடயத்தில் மட்டும் அந்த அரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்துப் பார்த்ததில் எழுதத் தோன்றியதுதான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது புதிய கமரா அல்ல, எனக்குத்தான் புதிது. நிக்கோன் டி7200 என்று பெயர். 2015 இல் சந்தைக்கு வந்தது. உள்ளே சிறிய கண்ணாடி எழும்பி விழுகிற பழைய வகை. 2018 இலிருந்து அந்தக் கம்பனி கண்ணாடி இல்லாத புதிய வகைக்கு மாறத் தொடங்கிவிட்டது. கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக அதற்குத் தாவியதால், அவர்கள் கைவிட்டவை கொழும்புக் கடைகளின் அலுமாரிகளில் வந்து நிற்கின்றன. புதிதாக வாங்குவதைப் பற்றி நான் நினைத்துப் பார்க்கவும் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டபோதே, புதிய கமரா என்பது என் போன்றவர்களின் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துபோயிற்று. நான் 2023 இல் ஓய்வுபெற்றேன். கிடைத்த பணிக்கொடையில் கடன் அடைத்து, வீட்டுக்குக் கூரை மாற்றி, மிச்சமாக இருந்ததில்தான் இது.

டோஹாவில் இருக்கும் மகன், "வாப்பா, காச வீணாக்காதீங்க, நான் நல்ல போன் ஒண்டு அனுப்புறன்" என்று சொன்னான். அவன் சொன்னதில் பிழை இல்லை. கடலையும் பேரப்பிள்ளைகளையும் படமெடுக்க என்றால் போன் தாராளமாகப் போதும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. அதைச் சொல்ல இருபது வருடம் பின்னுக்குப் போக வேண்டும்.

சுனாமியைப் பற்றி எங்கள் பக்கத்தில் நிறைய எழுதியாயிற்று. நான் அதற்குள் போகவில்லை. படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாய்ந்தமருதில் எங்கள் வீடு கடற்கரையிலிருந்து எட்டி நடந்தால் மூன்று நிமிடம். வாப்பாவிடம் ஒரு யஷிக்கா கமரா இருந்தது. 1983 இல் சாச்சா றியாத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. முப்பத்தாறு படம் கொண்ட ஒரு சுருளை வாப்பா இரண்டு பெருநாளுக்கு வைத்துப் பாவிப்பார். படத்தைச் சுவரில் தொங்கவிட அவர் சம்மதித்ததில்லை; அதற்கு மார்க்க ரீதியாக அவருக்கு ஒரு நிலைப்பாடு இருந்தது. ஆனால் அல்பத்தில் ஒட்டி, கீழே திகதி எழுதி, அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்திருப்பார். யாராவது விவாதத்துக்கு வந்தால், "ஹஜ்ஜுக்குப் போறத்துக்கே பாஸ்போட்டுல படம் கேக்கிறானுகள், நீ முதல்ல அத நிப்பாட்டு" என்று முடித்துவிடுவார்.

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கமராவும் போயிற்று, அலுமாரியும் போயிற்று. மூன்றாம் நாள் தென்னந்தோப்பு ஒன்றில் எங்கள் அல்பத்தைக் கண்டெடுத்தோம். உம்மா அதைத் தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்டா. கலர்ப் படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்பதும், ஊறினால் அது இளகிவிடும் என்பதும் எங்களுக்கு அப்போது யார் சொல்லித் தருவார்கள்? காய்ந்து முடிந்தபோது கடதாசி இருந்தது, திகதி இருந்தது, ஆட்கள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தங்கச்சியும் போனா. முப்பத்தாறு வயது. அவவின் மகனுக்கு ஐந்து. தகப்பனோடு அம்பாறைக்குப் போயிருந்ததால் பிள்ளை தப்பினான். தங்கச்சியின் அடையாள அட்டை கைப்பையோடு போய்விட்டது. கல்யாணப் படங்கள் அவவின் வீட்டோடு போயின. மிஞ்சிய ஒரே ஒரு படம் அக்கரைப்பற்றில் சாச்சியின் மகளிடம் இருந்தது. 1987 இல் அவளது கல்யாணத்தில் எடுத்த பெண்கள் கூட்டுப் படம். கையகலக் கடதாசியில் இருபத்திமூன்று பேர். மூன்றாம் வரிசையில், யாரோ ஒருத்தியின் முக்காட்டுக்குப் பின்னால் தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு தங்கச்சி நிற்கிறா. அடிமட்டம் வைத்து அளந்தேன். நாடியிலிருந்து நெற்றி வரை நாலு மில்லிமீற்றர். அந்தக் காலக் கலர்ப் படங்களுக்கு வரும் நோய் அதற்கும் வந்து, எல்லாமே செங்கல் நிறமாகிப் போயிருந்தது.

2024 நோன்பு காலத்தில் மருமகன் அந்தப் படத்தைப் போனால் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, பழைய படங்களைத் திருத்தித் தருகிற ஏதோ ஒரு செயலிக்குள் போட்டான். அரை நிமிடத்தில் முகம் வந்தது. தெளிவென்றால் அப்படியொரு தெளிவு. கண் மடல் ஒவ்வொன்றாக எண்ணலாம். தோலில் ஒரு சிறு புள்ளி கிடையாது. அவன் அதைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, நோன்பு திறந்த கையோடு உம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தான். உம்மாவுக்கு எண்பத்துமூன்று வயது. கற்றரக்ட் வெட்டிய கண்தான், ஆனால் பார்வை நல்லது. படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு என்னிடம் நீட்டி, "ஆரு மனெ இது?" என்று கேட்டா.

அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நான் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவனது போனின் முகப்பில் அந்த முகம்தான் இருந்தது. இரண்டு நாளாக அதைத்தான் உம்மா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவனிடம் குற்றமில்லை. அந்தச் செயலிக்கு எங்கள் தங்கச்சியைத் தெரியாது, அவ்வளவுதான். அதற்குத் தெரிந்தது லட்சக்கணக்கான வேறு முகங்கள். நாலு மில்லிமீற்றர் கடதாசியில் இல்லாததை அது அந்த முகங்களிலிருந்து எடுத்து நிரப்பிவிடுகிறது. கிடைப்பது அழகான ஒரு பெண். அவள் எங்கும் பிறக்கவில்லை, எங்கும் சாகவும் இல்லை. போனின் கமராவும் ஓரளவுக்கு இதே வேலையைத்தான் செய்கிறது என்பதைப் பிறகு படித்து அறிந்தேன். சின்ன முகத்தைக் கண்டால் தோலை மழுப்பும், ஓரத்தைக் கூராக்கும், எங்களைக் கேட்காது.

எனக்கு என்ன வேண்டும் என்பது அன்றிரவு தராவீஹ் முடிந்து வரும்போதே தெளிவாகிவிட்டது. கடதாசியில் உள்ளதை மட்டும், குறையோடு, அப்படியே எடுத்துத் தருகிற ஒரு கருவி. கூட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது.

பிறகு ஏழெட்டு மாதம் படித்தேன். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று நிரம்பியது. இந்தப் பருவத்தில்தான் எனக்கு ஆலோசனை சொல்ல ஊரில் பாதிப் பேர் வந்தார்கள். பள்ளிவாசல் முன்றலில் நண்பர் ஒருவர், கமரா என்ற சொல்லே அரபுதான், அதைக் கண்டுபிடித்தவரே நம்மவர் என்று பெரிய விளக்கம் கொடுத்தார். சொல் அரபு அல்ல. லத்தீனில் அறை என்று பொருள், அதற்கு முன் கிரேக்கத்தில் வளைந்த கூரைக்குச் சொன்னது. ஆயிரம் வருடத்துக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், சிறு துவாரத்தின் வழியாக இருட்டறைக்குள் விழும் கிரகணச் சூரியனின் பிறை வடிவத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அது உண்மை, அதுவே போதும். அந்த மனிதருக்கு நாங்கள் இரவல் நகை போட்டு அழகு பார்க்கத் தேவையில்லை. நண்பருக்கு இது பிடிக்கவில்லை. தேநீருக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

கொப்பியில் எழுதிய கணக்கு பெரிய கணக்கல்ல; சாதாரணதரப் பிள்ளை செய்யக்கூடியது. டி7200 இன் உணரி 23.5 மில்லிமீற்றர் அகலம். அந்த அகலத்தில் 6000 புள்ளிகள். மைக்ரோ லென்ஸ் என்று ஒருவகை உண்டு, பொருளை அதன் உண்மையான அளவிலேயே உணரியில் விழுத்தும். அப்படியானால் கடதாசியின் ஒரு மில்லிமீற்றருக்கு 255 புள்ளி. நாலு மில்லிமீற்றருக்கு ஆயிரத்துச் சொச்சம். கடதாசியில் இருக்கிற விபரத்தை அள்ளிக்கொண்டுவர இது தேவைக்கு மேலானது. இதைவிடப் பெரிய உணரி, இதைவிடக் கூடிய பிக்ஸல் எல்லாம் விற்கிறார்கள். என் நாலு மில்லிமீற்றருக்கு அவை ஒன்றும் கூடுதலாகச் செய்யப்போவதில்லை, ஏனென்றால் கடதாசியே அதற்கு மேல் ஒன்றையும் வைத்திருக்கவில்லை. இந்தக் கணக்கு முடிந்ததும் பெரிய கமராக்களின் மேல் இருந்த ஆசை கழன்று போயிற்று.

லென்ஸும் அப்படித்தான். நிக்கோன் தன் லென்ஸ் வாயை 1959 இல் வடிவமைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் மாற்றாமல் வைத்திருந்தது. பழைய 60 மில்லிமீற்றர் மைக்ரோ லென்ஸ் ஒன்று உண்டு, தொண்ணூறுகளில் வந்தது. அதற்குள் மோட்டார் கிடையாது. கமராவின் உடம்பில் மோட்டார் இருந்தால்தான் அது தானாகக் குவியும். அந்தக் கம்பனியின் மலிவான கமராக்கள் பலவற்றில் அந்த மோட்டார் இல்லை. டி7200 இல் இருக்கிறது. புதிய மைக்ரோ லென்ஸ் வாங்க வக்கில்லாதவனுக்கு இந்த ஒரு விபரம் பெரிய காசு.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கமராவும் கொஞ்சம் ஊகிக்கத்தான் செய்கிறது. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் அறியும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணிக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு நாள் முழுக்கச் சங்கடமாக இருந்தது. பிறகு ஆறுதல்பட்டேன். கணிப்பது பக்கத்துப் புள்ளியிலிருந்துதான். வேறொரு பெண்ணின் முகத்திலிருந்து அல்ல.

"ஸ்கேனர் இரிக்கே சேர்?" என்று பழைய மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. எங்கள் பக்கத்து வீடுகளில் மிஞ்சியிருக்கிற படங்களில் பல, சட்டத்துக்குள் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்பவை. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தோடு ஸ்கேனரில் வைத்தால் மங்கிப்போகும். தவிர, இருபது வருடமாக ஒரு படத்தை வைத்துக் காத்த மனிதர் அதை என் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார். நான்தான் போக வேண்டும்.

கொழும்புக்கு மனைவியும் வந்தார். எனக்குத் துணையாக அல்ல, காசுக்குக் காவலாக. சாச்சியின் மகளிடம் கெஞ்சிக் கேட்டு அந்தக் கல்யாணப் படத்தை இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்து வாங்கிக்கொண்டோம். இரவு பஸ்ஸில் முழு வழியும் அதை மடியில் வைத்திருந்தார்.

கடையில் இருந்தவர் கொழும்புப் பக்கத்துத் தம்பி ஒருவர். நல்ல சுறுசுறுப்பு. "நானா, வீடியோவுக்கா, ஸ்டில்லுக்கா?" என்று தொடங்கி, கல்யாணமா, பறவையா என்று கேட்டுக்கொண்டு போனார். நான் மட்டையைத் திறந்து படத்தை மேசையில் வைத்தேன். "இந்தப் புள்ளட முகத்த எடுக்கோணும் தம்பி. இஞ்ச வெச்சே எடுத்துப் பாக்கேலுமா?" என்றேன். அவர் இப்படியொரு வாடிக்கைக்காரரை முன்னர் கண்டிருக்கமாட்டார். இருந்தாலும் மறுக்கவில்லை.

அதற்கு முன் கொப்பியில் எழுதியிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெள்ளைக் கடதாசியைத் துவாரத்தை நன்றாக ஒடுக்கி எடுத்தால் உணரியில் இருக்கும் தூசு கறுப்புப் புள்ளியாகத் தெரியும்; இரண்டு புள்ளி இருந்தது, ஊதப் போய்விட்டது. நிக்கோன் தன் ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் திரை எத்தனை தடவை திறந்து மூடியது என்பதைப் பதிந்துவைக்கிறது. கணினியில் பார்த்தால் 18,000 சொச்சம். இந்த வகைக்குக் கம்பனி சோதித்துச் சொல்வது 150,000. கல்யாண வீட்டுக்குப் போகாத கமரா. யாரோ ஆசைக்கு வாங்கி வைத்திருந்திருக்கிறார். லென்ஸுக்குள் போனின் டோர்ச்சை அடித்து மறுபக்கத்தால் பார்த்தேன். கடற்கரை ஊர்க்காரனுக்கு இது முக்கியம். எங்கள் காற்றில் உள்ள ஈரத்துக்கு லென்ஸின் உள்ளே பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரிப் படரும். முதலில் காட்டிய லென்ஸில் ஓரத்தில் ஒரு நூல் தெரிந்தது. "இது படத்துல விழாது நானா" என்றார். இன்றைக்கு விழாது, எங்கள் ஊரில் இரண்டு மழைக்காலம் போனால் விழும். வேறொன்று கேட்டேன். உள்ளே போய் எடுத்துவந்தார். அது சுத்தம்.

பிறகு கதவோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் படத்தை வைத்து, கமராவை முக்காலியில் குனிய வைத்து, பத்து விநாடி தாமதம் போட்டு எடுத்தேன். மூன்று படம். தம்பி அட்டையைக் கணினியில் செருகி, பெருப்பித்துக்கொண்டே போனார். இருபத்திமூன்று பேர் பத்துப் பேராகி, மூன்று பேராகி, ஒருவரானார்கள். கடதாசியின் நார், செந்நிற மங்கல், ஒரு கீறல். அவற்றுக்கு நடுவில் தலையைச் சரித்துக்கொண்டு தங்கச்சி. தெளிவில்லை. கண் மடல் எண்ண முடியாது. மனைவி எழுந்து திரைக்குக் கிட்டப் போனார்.

"இஞ்ச பாருங்க, இது எங்கட மச்சாள்தான்" என்றார்.

காசுக்குக் காவலாக வந்தவர் அதற்குப் பிறகு விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேரம் பேசும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. உடம்பும் லென்ஸும் சேர்த்து 190,000 சொன்னார்; 185,000 க்கு முடிந்தது, ஒரு பழைய பையையும் தந்தார். இரண்டு கிழமைக்குள் கோளாறு என்றால் கொண்டுவரலாம் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தந்தார். நான் காசை எண்ணிக் கொடுக்கும்போது கை நடுங்கவில்லை. அந்தச் சாமான் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை என் கண்ணால் பார்த்தாயிற்று. வேறு கடையில் விசாரிக்க எனக்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் நடந்தது நான் எதிர்பாராதது. மீட்ட முகத்தை அச்சடித்து, படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஒரு பிரதியைச் சாச்சியின் மகளிடமும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். உள்ளே எண்ணெய்க் கடதாசி உறைகளில் நெகட்டிவ். கல்யாணத்துக்குப் படமெடுத்தவர் அன்றே கொடுத்தாராம். "இது எதுக்குக் காக்கா உதவும் எண்டு கெடந்திச்சு" என்றாள். அவள் வீடு கடலிலிருந்து தள்ளி. முப்பத்தேழு வருடம் அந்த டின் அலுமாரிக்கு மேலே இருந்திருக்கிறது.

நெகட்டிவ்வில் தங்கச்சியின் முகம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஆனால் கடதாசியைவிடப் படச்சுருள் நுணுக்கமானது. ஸ்டூடியோக்காரர் கழுவிப் பெருப்பிக்கும்போது தொலைந்தது அதில் தொலையாமல் இருக்கும். நிறமும் கடதாசி அளவுக்கு வாடவில்லை. பழைய மேசையொன்றின் பலகையில் தச்சரைக் கொண்டு ஒரு தாங்கி செய்வித்தேன். கீழே வெள்ளை வெளிச்சம், அதற்கு மேல் பால் நிற பிளாஸ்டிக், அதற்கு மேல் நெகட்டிவ். கமரா சரியாக நேர் கீழே பார்க்கிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. நெகட்டிவ் வைக்கும் இடத்தில் சின்ன முகக்கண்ணாடியை வைத்து, கமராவுக்குள்ளால் பார்த்தால் லென்ஸின் நடு படத்தின் நடுவில் தெரிய வேண்டும். இதைக் கண்டுபிடித்தவருக்கு அல்லாஹ் நன்மை செய்யட்டும். ஒரு மணித்தியால வேலையை ஒரு நிமிடமாக்கிவிட்டார். கமராவின் கண்ணாடி எழும்பும் அதிர்வு அடங்கிய பிறகு திரை திறக்குமாறு வைத்து எடுத்தேன். செம்மஞ்சள் நிறத்தைக் கழித்து, எதிரை நேராக்கியபோது இடது புருவத்தில் ஒரு சிறு வெட்டு தெரிந்தது.

எட்டு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்தது. ஏற்றிவிட்டவன் நான். அந்தத் தழும்பு எனக்கு நினைவில் இருந்தது. கடதாசிப் படத்தில் அது இல்லை. செயலி தந்த முகத்தில் இரண்டு புருவமும் மை எழுதியதுபோல முழுமையாக இருந்தன.

உம்மாவிடம் அச்சுப் பிரதியைக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. விரலை அந்தப் புருவத்தில் வைத்துக்கொண்டு இருந்தா. மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன உம்மும்மா?" என்று கேட்டான். அசர் பாங்கு சொல்லும் வரைக்கும் உம்மா அவனுக்குக் கொய்யா மரத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தா. அவனது போனின் முகப்பில் இப்போது புள்ளிபுள்ளியான, கொஞ்சம் மங்கிய முகம் ஒன்று இருக்கிறது.

விடயம் ஊரில் பரவிவிட்டது. இதுவரை பதினெட்டு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். எனக்கென்று சில ஒழுங்குகள் வைத்துக்கொண்டேன். படத்தை வீட்டைவிட்டு வெளியே எடுப்பதில்லை. பெண்களின் படமென்றால் மனைவிதான் முன்னால் நின்று கதைப்பார். அச்சடித்துக் கொடுத்த பிறகு அட்டையில் உள்ளதை அவர்கள் கண்முன்னாலேயே அழித்துவிடுவேன், வைத்திருக்கச் சொன்னாலொழிய. காசு வாங்குவதில்லை, கடதாசிச் செலவு தந்தால் மறுப்பதுமில்லை. மீட்க முடியாததை மீட்க முடியாது என்று சொல்லிவிடுவேன். ஒரு வீட்டில் மகனின் படம் என்று தந்தார்கள், திகதி எழுதிய வெறும் கடதாசி. எங்கள் அல்பத்தில் மிஞ்சியதுபோல. அந்தத் தாய்க்கு நான் கமராவைத் திறக்காமலே திரும்பிவந்தேன்.

செயலியில் போட்டுத் திருத்தித் தாருங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அது அவர்களது விருப்பம், பிள்ளைகளிடம் சொன்னால் அரை நிமிடத்தில் செய்து தருவார்கள். நான் செய்வதில்லை.

கமராவை இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் சட்டியில் இலேசாகச் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். அரிசிக்குள் வைக்கச் சொல்லி ஆலோசனை வந்தது. அரிசியில் தவிடு இருக்கிறது, அது சோற்றுக்கு மட்டும்தான் நல்லது.

அடுத்தது மருதமுனையில் ஒரு வீடு. நெசவுத் தறியோடு நிற்கும் ஒரு மனிதரின் படம், சட்டத்தின் கண்ணாடியில் முழுதாக ஒட்டிக்கொண்டு, ஒரு மூலையில் உப்புப் பூத்து நிற்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கண்ணாடியில் கமராவே பிரதிபலிக்கிறது. லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டு முன்னால் கறுப்புத் துணி பிடிக்க வேண்டும். மனைவி தன் பழைய அபாயா ஒன்றை வெட்டித் தைத்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை போவதாக இருக்கிறோம்.